சேமிப்புத் தானியத்தில் வண்டு: தாவர நானோ மருந்தைக் கலக்கலாமா?

கேள்வி: நெல்லையும் பயறையும் மூட்டைகளில் சேமித்து வைக்கிறேன். புகைமூட்ட மாத்திரை வைத்த பிறகும் சில மாதங்களில் வண்டு வந்துவிடுகிறது. வேப்பிலைச் சாற்றில் தயாரித்த நானோ துகளைத் தானியத்தில் கலக்கலாமா? அதை வீட்டிலேயே தயாரிக்க முடியுமா?

பதில்: உண்பதற்காக வைத்திருக்கும் தானியத்தில் அதைக் கலக்க வேண்டாம், வீட்டில் தயாரிக்கவும் முயல வேண்டாம். வேப்பிலைச் சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்த்து உண்டாக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகளைத்தான் பெரும்பாலும் ‘வேப்பிலை நானோ’ என்கிறார்கள். இதில் இலைச் சாறு வெள்ளி அயனியைத் துகளாக மாற்றி, அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறதே தவிர, தானியத்தின் மேல் கடைசியில் தங்குவது வெள்ளிதான். தாவரத்தின் துணையால் உருவானது என்பதாலேயே ஒரு பொருள் உணவுக்குப் பாதுகாப்பானதாகிவிடாது. வெள்ளி நைட்ரேட்டும் தோலையும் கண்ணையும் அரிக்கும் வேதிப்பொருள்.

வேப்பெண்ணெய், கிராம்பு எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் முதலியவற்றை நீரில் மிக நுண்ணிய துளிகளாக்கிய பால்மங்களும், இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் போன்ற பொருளுக்குள் அவற்றைப் பொதிந்த துகள்களும் வேறு வகை. வாசனை எண்ணெய்கள் விரைவில் ஆவியாகிவிடுவதும், வேம்பில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் அசாடிராக்டின் என்ற பொருள் வெயிலில் சிதைந்துவிடுவதும் பழைய குறைகள். பொதிந்து வைக்கும்போது மருந்து மெதுவாக வெளிப்படுவதால் அதன் வீரியம் நீடிக்கிறது. நான் உண்மையான நம்பிக்கை வைத்திருப்பது இந்த வகையின் மீதுதான். உமிச் சாம்பலிலிருந்து எடுக்கும் நானோ சிலிகாவும் (மணலில் உள்ள அதே சிலிகாவின் நுண்துகள்) கவனிக்கத்தக்கது. அது பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகை உறிஞ்சுவதால், உடலின் ஈரம் வெளியேறிப் பூச்சி காய்ந்து மடிகிறது. ஆனால் ஈரமான தானியத்தில் அதன் வேலை குன்றிவிடும்.

எனினும் ஆய்வகக் கிண்ணத்தில் வண்டு மடிவதும் மூட்டையின் நடுவில் மடிவதும் ஒன்றல்ல. நெல்லைத் தாக்கும் கூன்வண்டு மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடுகிறது; புழுவும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே வளர்வதால், மேற்பரப்பில் படியும் எந்தத் துகளும் அவற்றை எளிதில் எட்டுவதில்லை. பயறு வண்டு முட்டைகளை மணியின் மேலேயே ஒட்டுவதால் அங்கு எண்ணெய்ப் பூச்சு நன்கு உதவும். விதைப்பயறாக இருந்தால் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வேப்பெண்ணெயைச் சீராகப் புரட்டி வைக்கலாம். அதற்கு நானோ தொழில்நுட்பம் தேவையில்லை.

உங்கள் மூட்டைகளில் வண்டு திரும்பி வருவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். மூட்டைகளை மூடும் உறையில் கசிவு இருந்தால், புகைமூட்ட மாத்திரையிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயுவின் செறிவு குறைந்து முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பிப் பிழைக்கும். வண்டுகளிடம் எதிர்ப்புத்திறன் வளர்வதும் இப்படித்தான். மேலும் வாயு வெளியேறிய பின் தானியத்துக்கு எந்தக் காப்பும் மிஞ்சுவதில்லை என்பதால் வெளியிலிருந்து வண்டு மறுபடியும் ஏறிவிடும். ஆகவே நெல்லின் ஈரப்பதத்தை 12 சதவீத அளவுக்கும் பயறின் ஈரப்பதத்தை 10 சதவீத அளவுக்கும் காயவைத்து, காற்றுப் புகாத பைகளில் அடைத்து வையுங்கள். உள்ளே இருக்கும் பூச்சிகளின் சுவாசத்தாலேயே ஆக்சிஜன் குறைந்து அவை மடியும்.

தாவர நானோ மருந்து எதையேனும் வாங்க நேர்ந்தால், சேமிப்புத் தானியத்துக்கென அது பதிவு பெற்றதா, தானியத்தின் மேலேயே இடலாமா அல்லது காலிக் கிடங்கின் சுவருக்கு மட்டும் உரியதா என்பதை அதன் சிட்டையில் பாருங்கள். புகைமூட்ட மாத்திரையை மட்டும் மக்கள் வசிக்கும் வீட்டிலோ அதை ஒட்டிய அறையிலோ எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அந்த வாயு உயிரைப் பறிக்கும்.