பல்பு எரியும் முன் கையைத் தூக்கச் சொல்லுங்கள்

கேள்வி: அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு போன், ஒரு பழைய லேப்டாப், ப்ரொஜெக்டர். இலவச இணையக் கருவிகளால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. ஆனால் யூடியூபில் "டாப் 20 கருவிகள்" என்று வருவதையெல்லாம் தேடிப் போகாதீர்கள். நானும் போய்த் திரும்பியவன்தான்.

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எனக்குக் கைகொடுத்தது ஃபெட் (PhET), அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் இணையதளம். இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. காசு கிடையாது, பிள்ளைகள் கணக்குத் தொடங்கவும் வேண்டாம். தமிழிலும் இருக்கிறது. முக்கியமாக, வேண்டியதை வீட்டிலேயே இறக்கி பென் டிரைவில் கொண்டுபோய்விடலாம்; வகுப்பில் நெட் இல்லாவிட்டாலும் ஓடும்.

அதில் மின்சுற்று அமைக்கும் பகுதியைப் பாருங்கள். பேட்டரி, ஒயர், பல்பு எல்லாவற்றையும் இழுத்து இழுத்து மாட்டலாம். தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரியான இரண்டு பல்பு மாட்டிவிட்டு, சுவிட்சைப் போடாமல், "எது பிரகாசமா எரியும்?" என்று கேட்டேன். பாதி வகுப்பு முதல் பல்புக்குக் கை தூக்கியது. "அது கரண்டைத் தின்னுட்டுத்தானே சார் மிச்சத்தை அனுப்பும்?" என்றான் ஒருவன். சுவிட்சைப் போட்டால் இரண்டும் ஒரே மாதிரி எரிகின்றன. கரண்டை அளக்கும் அம்மீட்டரை முன்னால், நடுவில், பின்னால் எங்கே வைத்தாலும் ஒரே அளவு. அந்த ஒரு நிமிட அமைதிக்காகத்தான் இந்தக் கருவி. முதலில் கை தூக்க வைக்காமல் நேராகக் காட்டியிருந்தால் டிவி பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடு வீடியோக்களையும் இப்படித்தான் நடுநடுவே நிறுத்திக் காட்டுகிறேன்.

இரண்டாவது, பிளிக்கர்ஸ் (Plickers), வகுப்பில் கேள்வி கேட்டு எல்லோருடைய விடையையும் ஒரே நேரத்தில் வாங்கும் கருவி. பிள்ளைகளிடம் போன் வேண்டாம். ஆளுக்கு ஒரு அட்டை, பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். விடைக்கு ஏற்ப அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள், உங்கள் போன் கேமராவைக் காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். அட்டைக்கு அட்டை படம் வேறு என்பதால் பக்கத்தில் எட்டிப் பார்த்தாலும் பயனில்லை. வாயே திறக்காத கடைசி பெஞ்ச் பிள்ளைக்கு எது புரியவில்லை என்பது எனக்கு இதில்தான் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. ஒரு வினாடி வினா தளத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து கேள்விகள் ஏற்றினேன். திடீரென்று மதிப்பெண் பட்டியலைப் பார்க்கப் பணம் கட்டு என்றது. அன்றிலிருந்து கேள்விகளைத் தனியாக ஒரு கோப்பில் வைத்துக்கொண்டுதான் எங்கேயும் ஏற்றுகிறேன். பிள்ளைகளின் போன் நம்பர், மின்னஞ்சல் கேட்கிற தளம் என்றால் அந்தப் பக்கமே போவதில்லை.

அப்புறம், திரையோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த நாள் டார்ச் பல்பும் பேட்டரியும் கொண்டுபோனேன். மாட்டிப் பார்த்தால் ஒன்று மங்கல், ஒன்று பிரகாசம்! "கம்ப்யூட்டர் பொய் சொல்லுது சார்" என்று ஒரே சத்தம். எனக்கே ஒரு நொடி வியர்த்துவிட்டது. சரி, இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள் என்றேன். மங்கலாக எரிந்த பல்பு எந்தப் பக்கம் போனாலும் மங்கலாகவே எரிந்தது.

"அப்போ அந்தப் பல்புக்குள்ளதான் சார் ஏதோ வேற மாதிரி இருக்கு" என்றாள் ஒரு பெண். மின்தடையை அங்கிருந்துதான் தொடங்கினேன்.