லூப் கிடைத்தது, டப் எங்கே?

கேள்வி: ஜமைக்காவின் டப் ரெகே இசையில் எனக்கு மிகுந்த விருப்பம். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாததால் இரண்டு சாம்பிள் பேக்குகள் (முன்பே பதிவு செய்த இசைத் துணுக்குகளின் தொகுப்பு) வாங்கி, அவற்றில் இருந்த டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஆர்கன், மெலோடிகா (ஊதி வாசிக்கும் சிறு கீபோர்டு) லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துணுக்குகளை, கணினியில் அடுக்கிப் பார்த்தேன். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) இசை திரும்பத் திரும்ப ஓடுவதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்தவர் வாசித்ததை ஒட்டவைத்துப் பாட்டுச் செய்வது என்ன கலை என்று நண்பர் வேறு கேலி செய்கிறார். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: முதலில் நண்பருக்குப் பதில் சொல்லிவிடலாம். அடுத்தவர் வாசித்த இசையைக் கையில் வாங்கி வேறொன்றாக மாற்றுவதுதான் டப்பின் பிறப்பே. 1960களின் இறுதியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், இசைத்தட்டின் மறுபக்கத்தில் அதே பாட்டைக் குரல் நீக்கி வெளியிடும் வழக்கம் தோன்றியது. அதற்கு ‘வெர்ஷன்’ என்று பெயர். அந்த வெர்ஷனைத் தனிக் கலையாக வளர்த்தவர்களில் முதன்மையானவரான கிங் டபி என்கிற ஆஸ்போர்ன் ரடாக், வாத்தியக்காரர் அல்லர். மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். வாட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த அவருடைய ஸ்டூடியோவில் ஒரு வாத்தியக் குழு உட்கார்ந்து வாசிக்க இடமே கிடையாது. குளியலறையாக இருந்த இடத்தில்தான் பாடகர் நின்று பாடுவார். வேறு ஸ்டூடியோக்களில் பதிவான நாடாக்கள் அங்கே வரும். அவர் நான்கு டிராக் மிக்ஸரில் (ஒலித்தடங்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) உட்கார்ந்து அவற்றைப் புதிதாகப் பிறக்கவைப்பார். ஒரே தாளக்கட்டை, அவர்கள் மொழியில் ‘ரிதிம்’, பல பாடகர்களும் பல தயாரிப்பாளர்களும் ஆண்டுக்கணக்கில் எடுத்தாள்வது அங்கே இன்றும் இயல்பான வழக்கம்.

உங்கள் சிக்கலுக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. நீங்கள் லூப்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டுகிறீர்கள், டபி கழித்தார். எல்லா வாத்தியங்களும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நாடாவிலிருந்து எதை எப்போது எடுத்துவிடுவது, எடுத்த இடத்தில் எதன் எதிரொலியை அலையவிடுவது என்பதே அவர் செய்த வேலை. ஆகையால் டப் உங்கள் லூப்களுக்குள் இல்லை. மிக்ஸரின் மேல் உங்கள் கை நகரும் விதத்தில் இருக்கிறது.

லூப்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனத்தில் வையுங்கள். எக்கோவும் ரிவர்பும் (அறையின் முழக்கம்) கலக்காத, வறண்ட லூப்களே வேண்டும். கோப்பின் பெயரிலேயே ‘டப்’ என்று இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பெரும்பாலும் அது எக்கோவில் முன்பே ஊறிப்போயிருக்கும், ஊறியதைப் பிழிந்து எடுக்க வழியில்லை. டிரம்ஸும் பேஸும் கூடுமானவரை ஒரே பேக்கிலிருந்து, ஒரே வேகத்துக்காகப் பதிவானவையாக இருக்கட்டும். மூன்றாம் அடியில் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்நேரும் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) சேர்ந்து விழும் ஒன் டிராப் தாளத்துக்காக வாசித்த பேஸை, நான்கு அடியிலும் கிக் விழும் ஸ்டெப்பர்ஸ் தாளத்தின்மேல் வைத்தால், வேகம் சரியாகவே இருந்தாலும் இரண்டும் ஒட்டாமல் நிற்கும். பேஸ் லூப்பின் சுருதியை அதிகம் ஏற்றி இறக்காதீர்கள். அதன் அடிக்கனம் கரைந்துவிடும். மற்ற லூப்களைப் பேஸின் சுருதிக்குக் கொண்டுவருவதே நல்லது. மொத்தத்தில் ஐந்தாறு லூப்கள் போதும்.

அவற்றை நான்கு நிமிடத்துக்கு இடைவெளியே இல்லாமல் நீட்டி வையுங்கள். அதுதான் உங்கள் நாடா. எக்கோவை எந்த டிராக்கின் மேலும் நேரடியாகப் போடாமல், தனி ரிட்டர்ன் சேனலில் (எக்கோவுக்கென்றே உள்ள தடம்) வைத்து, ஒவ்வொரு டிராக்கிலிருந்தும் சென்ட் (ஒலியின் ஒரு பங்கை அங்கே அனுப்பும் திருகு) வழியாக அனுப்புங்கள். வேகம் 75 பிபிஎம் (நிமிடத்துக்கு 75 அடி) என்றால் ஓர் அடி 800 மில்லி விநாடி. எக்கோவை அதன் முக்கால் பங்கான 600 மில்லி விநாடிக்கு வைத்தால், திரும்பி வரும் ஒலி அடியின்மேல் விழாமல் இடுக்குகளில் விழுந்து துள்ளும். ரிட்டர்னில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். பேஸின் இடத்தை எக்கோ தொடக்கூடாது.

இப்போது கிட்டாரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது பாரின் கடைசி ‘சக்’, அதாவது கிட்டாரின் குறுகிய வெட்டு, விழும் கணத்தில் அதன் சென்டைத் திறந்து, உடனே மூடி, ஃபேடரையும் (ஒலியளவு நெம்பு) கீழே இறக்கிவிடுங்கள். கிட்டார் போய்விட்டது, அந்த ஒற்றை வெட்டு மட்டும் மெலிந்து மெலிந்து பேஸின்மேல் நடந்து போகும். அது முழுதாக அடங்கும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். பொறுமையில்லாதவர்கள் கெடுப்பது இந்த இடத்தைத்தான். இப்படியே டிரம்ஸைச் சில அடிகளுக்கு நிறுத்துவது, பேஸை மட்டும் விட்டுவைப்பது, மெலோடிகாவின் ஒரு துணுக்கைக் காட்டி மறைப்பது என்று முழு நான்கு நிமிடத்தையும் ஒரே மூச்சில் கையால் இயக்கி, அசைவுகளை ஆட்டோமேஷனாக (கணினி அப்படியே திரும்பச் செய்யும்படி) பதிவு செய்யுங்கள். மவுஸால் கோடு வரைந்து செய்தால் எல்லாம் சரியான இடத்தில் இருக்கும், உயிர் இருக்காது. முதல் ஐந்து முயற்சிகள் தேறாது, ஆறாவதைக் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: ‘ராயல்டி ஃப்ரீ’ என்று போட்டிருக்கும் லூப்களைப் பயன்படுத்திய பாட்டை விற்கலாமா?

பதில்: பொதுவாக விற்கலாம், ஆனால் அந்த லூப்பைத் தனியாகவோ இன்னொரு பேக்காகவோ விற்க முடியாது. அது உங்களுடையதாகிவிடவில்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே உங்களுடையது. அதே லூப்பை வேறு பலரும் வாங்கியிருப்பார்கள் என்பதால், வெட்டாமல் மாற்றாமல் வைத்தால் இணையதளங்களின் தானியங்கிக் கண்காணிப்பு உங்கள் பாட்டை வேறொருவருடையதாக அடையாளம் காட்டக்கூடும். உரிமப் பக்கத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பழைய ஜமைக்க இசைத்தட்டிலிருந்து நீங்களே ஒரு துண்டை வெட்டி எடுப்பது முற்றிலும் வேறு கதை. ஒலிப்பதிவின் உரிமையாளர், பாட்டின் உரிமையாளர் ஆகிய இரு தரப்பின் அனுமதியும் வேண்டும்.

கேள்வி: பழைய டேப் எக்கோ கருவி இல்லாமல் அந்த ஒலி வருமா?

பதில்: வரும். 1974இல் வெளிவந்த ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோவின் அழகு, நாடா சீராக ஓடாமல் லேசாகத் தள்ளாடுவதிலும், ஒவ்வொரு சுற்றிலும் ஒலி மங்குவதிலும் இருந்தது. டேப் வகை டிலே பிளக்இன் எதிலும் இந்த இரண்டையும் கூட்டிக் குறைக்கலாம். ஃபீட்பேக்கை (எக்கோ மீண்டும் தனக்குள்ளேயே திரும்பும் அளவு) 100 சதவீதத்தைத் தாண்டித் திருகும்போது எக்கோ அடங்காமல் ஊதிப் பெருகும். அதுவும் டப்பில் விரும்பிச் செய்வதுதான். அதற்குமுன் ரிட்டர்னில் ஒரு லிமிட்டர் (ஒலி எல்லை மீறாமல் தடுப்பது) போட்டுவிடுங்கள், ஹெட்ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திருகுங்கள்.