டார்ச்சுல கயிறு கட்டலாமா, வேணாமா?

கேள்வி: அண்ணே, நான் ஏலத்தோட்ட வேலைக்கு தினமும் குமுளி தாண்டி போறேன். விடியுறதுக்கு முன்னாடியே ஜீப்பு, இறங்குனதும் ஒத்தையடிப் பாதையில அரை மணி நேரம் நடை, இருட்டும் மூடுபனியுமா கிடக்கும். போன மாசம் கை வழுக்கி டார்ச் சரிவுல உருண்டு போயிருச்சு. புதுசு வாங்கியாச்சு. வீட்டுக்காரர் அவரோட பழைய ஐடி கார்டு டேக்கை கொடுத்து இதுல கோத்து கழுத்துல மாட்டிக்கன்னு சொல்றார். கூட வர்ற அக்கா கயிறே ஆகாது, எங்கயாவது மாட்டி இழுத்துரும்னு சொல்லுது. யார் சொல்றதை கேக்கட்டும்?
வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: தங்கச்சி, கயிறு கட்டுங்க, கழுத்துல இல்ல, கையில. ஆனா வெடுக்குனு ஒரு இழு இழுத்தா அறுந்து போற மாதிரி கட்டுங்க. அக்கா பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு, ரெண்டையும் நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு காலத்துல எங்க பக்கம் த்ரீ ஃபேஸ் கரண்ட் நடுராத்திரியிலதான் வரும், வந்ததும் ஓடிப்போய் மோட்டாரை போட்டாத்தான் வாழைக்கு தண்ணி பாயும். அப்படி ஒரு ராத்திரி கிணத்து விளிம்புல குனிஞ்சு மோட்டார் பைப்போட அடிநுனியில இருக்கிற ஃபுட்வால்வு தண்ணிக்குள்ள இருக்கான்னு பார்க்குறப்ப ஈரக்கையில இருந்து டார்ச் நழுவிருச்சு. சுவத்துல ரெண்டு இடத்துல மோதி தண்ணிக்குள்ள போச்சு, ஆனா அணையல, அடியில கிடந்து பச்சையா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. மேல நான் கும்மிருட்டுல நிக்கிறேன், ஸ்டார்ட்டர் பெட்டி எந்தப் பக்கம்னுகூட தெரியல, கிணத்து மேட்டுல இருந்து வரப்பு வரைக்கும் தவழ்ந்துதான் வந்தேன். மறுநாளே வேற டார்ச் வாங்கி சணல் கயிறு கட்டிட்டேன்.

அந்தச் சணல்தான் அப்புறம் என் கையை காப்பாத்துச்சு, அது இத்துப் போயிருந்ததால. ஆறேழு மாசம் கழிச்சு பக்கத்துத் தோட்டத்துல ஆயில் எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, டீசல் எவ்வளவு கிடக்குன்னு டார்ச் அடிச்சு குனிஞ்சேன், தொங்கிக்கிட்டு இருந்த கயிறு நுனி பெல்ட்டுல பட்டதுதான் தெரியும், தோள்பட்டை வரைக்கும் இழுத்துருச்சு. மழையிலயும் சேத்துலயும் ஊறிப்போன சணல்ங்கிறதால பட்டுனு அறுந்துச்சு. மணிக்கட்டை சுத்தி வளையல் மாதிரி தோல் உரிஞ்சு கிடந்துச்சு, டார்ச் புல்லியில அடிபட்டு நசுங்கிப் போச்சு. அன்னைக்கு நல்ல நைலான் கயிறா இருந்திருந்தா கை போயிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இப்ப டார்ச்சுக்குன்னே பாராகார்டு கயிறு விக்கிறாங்க. பாராசூட்டுக்காக வந்த நைலான் கயிறு அது, உறைக்குள்ள 7 இழை ஓடும், 550 ரகம்னா 550 பவுண்டு, கிட்டத்தட்ட 250 கிலோ தாங்கும். நம்ம டார்ச் என்ன எடை இருக்கும், 18650ன்னு சொல்ற, சார்ஜ் ஏத்துற பேட்டரி ஒண்ணு போடுற சின்ன டார்ச்சுனா பேட்டரியோட சேர்த்து 100, 150 கிராம். அதை தாங்க 250 கிலோ கயிறு எதுக்கு? ஏதாவது மாட்டி இழுத்துச்சுன்னா கயிறு அறுறதுக்கு முன்னாடி உங்க கை போயிரும்.

அதனால இப்படி செய்ங்க. கைக்கயிறு நைலானாவே இருக்கட்டும், மழையில பூஞ்சை பிடிக்காது, சீக்கிரம் காயும். ஆனா அதை நேரா டார்ச்சுல கட்டாதீங்க, நடுவுல பூ கட்டுற நூலை நாலு மடிப்பா ஒரு சின்ன வளையமா போட்டு, அதுல ஒரு பக்கம் டார்ச்சு, இன்னொரு பக்கம் கயிறுன்னு கோத்துருங்க. அப்புறம் மெத்தை மேல வச்சு சோதிங்க, கயிறு கையில இருக்க டார்ச்சை மட்டும் நழுவ விடணும். நூல் அறுந்தா இன்னொரு மடிப்பு சேருங்க, அறலைன்னா டார்ச்சை கால்ல மிதிச்சுக்கிட்டு கயிறை வெடுக்குனு இழுத்துப் பாருங்க, அப்ப அறணும். அறலைன்னா ஒரு மடிப்பை குறைங்க. நூல் நனைஞ்சு நனைஞ்சு இத்துரும், மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும், வீட்ல பூ கட்டுறப்ப அப்படியே ஒரு துண்டு எடுத்துக்கிட்டா போதும்.

டார்ச்சுல பாக்கெட்ல சொருகுற கிளிப் இருக்கும் பாருங்க, அதுல கட்டிராதீங்க, பல டார்ச்சுல அது வெறும் அழுத்தத்துலதான் நிக்குது, கழண்டு வந்துரும். வால் பக்கம் அதுக்குன்னே ஓட்டை இருக்கும். கயிறு வளையத்தை முழங்கை வரைக்கும் தொங்குற அளவுக்கு நீளமா விடவேணாம், கை நுழைஞ்சு ரெண்டு விரல் இடம் இருந்தா போதும், முடிச்சுக்கு அப்புறம் நீட்டிக்கிட்டு இருக்கிற வாலை ஒட்ட வெட்டிருங்க, எனக்கு மாட்டுனதே அந்த வால்தான். கறுப்புக் கயிறு வேணாம், சருகுக்குள்ள விழுந்தா தெரியாது, மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்க.

ஜீப்புல ஏறும்போதும் இறங்கும்போதும் கயிறை கையில இருந்து கழட்டி பைக்குள்ள போட்டுருங்க தங்கச்சி, இதை மறக்கவே கூடாது. பின்கதவு கொக்கி, கம்பின்னு மாட்டுறதுக்கு ஆயிரம் இருக்கு, ஆள் இறங்கியாச்சுன்னு நினைச்சு டிரைவர் வண்டியை எடுத்துட்டா என்ன ஆகும்னு யோசிங்க. திராட்சைப் பந்தலுக்கு அடியில நடக்குறவங்களுக்கும் இதேதான், கம்பி முழுக்க தலை உசரத்துல ஓடுது. மோட்டார் பெல்ட்டு, மாவு மில்லு, புல் வெட்டுற மிஷின், சுத்துற எதுக்கும் பக்கத்துல கயிறோட போகவே கூடாது, பூ நூல் போட்டிருந்தாலும்.

வீட்டுக்காரர் அக்கறையிலதான் ஐடி கார்டு டேக்கை கொடுக்கிறார். சிலதுல பிடரிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும், இழுத்தா கழண்டுக்கும், அப்படின்னா பரவாயில்ல. கிளிப் இல்லாத டேக்னா அது கழுத்துச் சுருக்கு, வேணவே வேணாம். கிளிப் இருந்தாலும் ஏலத்தட்டைக்கு அடியில காய்ச் சரத்தை பார்க்க குனியுற வேலை உங்களுக்கு, கழுத்துல டார்ச் தொங்குனா மூஞ்சிலதான் அடிக்கும்.

கேள்வி: அண்ணே, நான் ஜீப் டிரைவர். தலையில மாட்டுற லைட்டு வாங்கிட்டா கயிறு தொல்லையே இல்லையே?
வாசகர், கம்பம்

பதில்: டயர் மாத்த, போனட்டுக்குள்ள பார்க்க அதை விட நல்லது எதுவும் இல்ல தம்பி, ரெண்டு கையும் சும்மா இருக்கும். ஆனா மலையில மூடுபனி இறங்குனா அது உதவாது. வெளிச்சம் கண்ணுக்கு பக்கத்துல இருந்தே போறதால பனித்துளியில பட்டு நேரா கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால வெள்ளைச் சுவர் வச்ச மாதிரி இருக்கும், உங்க வண்டியில ஹைபீம் போட்டா எப்படி ஆகுதோ அதேதான். அப்ப கையில டார்ச்சை இடுப்புக்கு கீழ பிடிச்சு தரையில அடிச்சாத்தான் பாதை தெரியும். அதனால ரெண்டும் வச்சுக்கங்க.

கேள்வி: சார், எங்க வீட்ல பாத்ரூம் வெளிய இருக்கு. 6 வயசுப் பையனுக்கு சின்ன டார்ச் ஒண்ணு கழுத்துல போட்டு விடலாமா?
வாசகி, போடி

பதில்: வேண்டாம்மா. தூக்கக் கலக்கத்துல அதோடயே திரும்ப வந்து படுத்துருவான், கயிறு கழுத்தை சுத்திக்கும். கதவு பக்கத்துல அவன் கைக்கு எட்டுற உசரத்துல ஒரு ஆணி அடிச்சு, டார்ச்சோட கயிறை அதுல மாட்டி வைங்க. போறப்ப எடுக்கணும், வந்ததும் மாட்டணும்னு பகல்லயே ரெண்டு மூணு தடவை செய்ய வச்சுப் பழக்குங்க.