ஏன் கிளம்பிப் போகவில்லை? – கடிதம்

வணக்கம் ஐயா,

ஹிட்லர் காலத்து ஜெர்மனி பற்றி ஒரு ஆவணப்படத்தை வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். 1933-லேயே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தாயிற்று. விஷவாயு முகாம்கள் 1941-க்குப் பிறகுதான். நடுவில் எட்டு வருடம் கிடைத்ததே, படித்த, வசதியான யூதர்கள் ஏன் வேறு நாட்டுக்குப் போகவில்லை என்று என் மாமா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யூதர்களைத் தவிர வேறு யாரெல்லாம் கொல்லப்பட்டார்கள் என்பதையும் நீங்கள் எழுதலாம்.

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

கொன்றவனை விட்டுவிட்டுச் செத்தவனிடம் விளக்கம் கேட்கும் கேள்வி இது. மாமாவிடம் சண்டைக்குப் போகவில்லை. நிறையப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

முதல் விஷயம், அவர்கள் போனார்கள். 1933-ல் ஜெர்மனியில் சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம் யூதர்கள் இருந்தார்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்குவதற்குள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறிவிட்டார்கள். நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமுக்குப் போக முடிவெடுத்தது 1933-லேயேதான். உங்கள் மாமா சொல்லும் புத்திசாலித்தனத்தை அவர்கள் அப்படியே செய்தார்கள். 1940 மே மாதம் ஜெர்மானிய ராணுவம் அங்கேயும் வந்து சேர்ந்தது.

மிச்சப் பேர் ஏன் தயங்கினார்கள்? முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டைபோட்ட யூதர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். 1933 ஏப்ரலில் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியபோது, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் வற்புறுத்தியதால் போர்முனையில் நின்றவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். பதக்கம் வாங்கியவரைத் தொடமாட்டார்கள் என்று நம்ப அதுவே போதுமானதாக இருந்தது. 1935-ல் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்து குடியுரிமையைப் பறித்தன. அந்த விலக்கும் போயிற்று.

அப்புறம் பணம். நாட்டைவிட்டுப் போகிறவர்களின் சொத்தில் கால்பங்கை எடுத்துக்கொள்ளும் வரி ஒன்று இருந்தது. ஹிட்லருக்கு முன்பே, 1931-ல், பணக்காரர்கள் பணத்தோடு ஓடாமல் தடுக்க வந்த வரி அது. நாஜிகள் சொத்து வரம்பைக் குறைத்து நடுத்தரக் குடும்பங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். வரி போக மீந்ததும் கைக்கு வராது, முடக்கப்பட்ட கணக்கில் கிடக்கும். 1939 வாக்கில் அதை அந்நியப் பணமாக மாற்றினால் நூற்றுக்கு நான்குதான் தேறியது. கையில் எடுத்துப்போக அனுமதி 10 மார்க். ஒரு பக்கம் 'வெளியே போ' என்று அடித்துக்கொண்டே மறுபக்கம் வாசலில் உட்கார்ந்து மடியை அவிழ்த்த அரசு அது.

வெறுங்கையோடு வருகிறவனை எந்த நாடு சேர்க்கும்? 1938 ஜூலையில் இந்த அகதிகளைப் பற்றிப் பேச பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடின. ஒவ்வொரு நாடாக எழுந்து வருத்தப்பட்டது. எங்களிடம் இனப் பிரச்சினை இல்லை, அதை இறக்குமதி செய்யவும் விருப்பமில்லை என்றார் ஆஸ்திரேலியப் பிரதிநிதி. பெரிய எண்ணிக்கையில் ஏற்கத் தயார் என்று சொன்னது டொமினிக்கன் குடியரசு. அதன் அதிபர் ட்ருஹியோ முந்தைய ஆண்டுதான் ஆயிரக்கணக்கான ஹெய்ட்டி மக்களைக் கொன்று குவித்தவர்! கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்ததும் சில நூறு பேர்தான். அதே ஆண்டு அக்டோபரில் யூதர்களின் பாஸ்போர்ட்டில் யூதர் என்பதைக் குறிக்கும் 'ஜே' (J) என்ற சிவப்பு எழுத்து குத்தப்பட்டது. எல்லையில் அவர்களை அடையாளம் காண வேண்டும் என்ற சுவிட்சர்லாந்தின் நெருக்கடி அதற்குப் பின்னால் இருந்தது.

செயின்ட் லூயிஸ் கப்பலின் கதையை மாமாவுக்கு அவசியம் சொல்லுங்கள். 1939 மே மாதம் 937 பயணிகளோடு ஹாம்பர்க்கிலிருந்து கியூபாவுக்குப் போனது. அநேகமாக எல்லோரும் யூதர்கள். ஹவானாவில் இறங்க விடப்பட்டது முப்பது பேர்கூட இல்லை. அமெரிக்காவும் சேர்க்காததால் கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து பங்குபோட்டு ஏற்றுக்கொண்டன. பின்னாளில் அவர்களில் 254 பேர் கொல்லப்பட்டார்கள். காசு கட்டி, சீட்டு வாங்கி, கடலைக் கடந்து போனவர்கள் இவர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் ஜெர்மனியைச் சேர்ந்தவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. சுமார் 30 லட்சம் பேர் போலந்துக்காரர்கள். 1939 ஆகஸ்ட் வரை அவர்கள் ஹிட்லரின் ஆட்சியிலேயே இல்லை. உக்ரைனின் கீவ் நகரில் பாபி யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 தேதிகளில் 33,771 பேர் சுடப்பட்டார்கள். அந்த ஊர் ஜெர்மானியர் கைக்குப் போய் அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. எட்டு வருடக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

சரி, மற்றவர்கள். மனநல விடுதிகளில் இருந்தவர்களும் ஊனமுற்றவர்களும்தான் விஷவாயுவுக்கு முதலில் பலியானவர்கள். 1940, 41-ல் ஆறு மையங்களில் சுமார் 70,000 பேர். டாக்டர்கள் படிவத்தைப் பார்த்தே சாவைத் தீர்மானித்தார்கள். குடும்பத்துக்குப் பொய்க் காரணம் எழுதிய இரங்கல் கடிதம் போகும். இவர்களும் ஜெர்மானியர்களே. எங்கே கிளம்பிப் போவார்கள்?

ரோமா, சின்டி (Sinti) என்னும் நாடோடிகளாக அறியப்பட்ட மக்களில் குறைந்தது 2 லட்சம் பேர். 1936 ஒலிம்பிக்கின்போதே பெர்லின் ரோமாக்களைப் பிடித்து ஊருக்கு வெளியே மார்சானில் அடைத்தார்கள். போலந்திலிருந்த ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் அவர்களுக்கென்று இருந்த குடும்ப முகாமை 1944 ஆகஸ்ட் 2 இரவு காலி செய்து, நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விஷவாயுவுக்கு அனுப்பினார்கள். உயிர்தப்பியவர்கள் போருக்குப் பிறகு நஷ்டஈடு கேட்டபோது மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1956-ல் என்ன சொன்னது தெரியுமா? 1943-க்கு முன்பு நடந்தது இனவெறுப்பே அல்ல, குற்றத் தடுப்பு நடவடிக்கையாம். ரோமாக்களுக்கு நடந்ததும் இனப்படுகொலைதான் என்று அந்த அரசு ஒப்புக்கொண்டது 1982-ல்.

அன்புடன்.