பழைய கோல்ட் 1911 பிஸ்டல்ல ரீகாயில் ஸ்பிரிங்கை ஏன் மாத்துறாங்க, அதை வீட்லயே செய்யலாமா?

ரீகாயில் ஸ்பிரிங்னா பேரலுக்கு (தோட்டா வெளிய போற குழாய்) அடியில இருக்கிற நீளமான சுருள் கம்பி, அவ்ளோதான். சுட்டதும் மேல இருக்கிற ஸ்லைடு வேகமா பின்னாடி போகும், அந்த வேகத்த வாங்கிக்கிட்டு திரும்ப முன்னாடி தள்ளி அடுத்த தோட்டாவ ஏத்துறது இந்த ஸ்பிரிங்தான். ஆயிரக்கணக்குல அமுங்கி அமுங்கி கம்பி தளர்ந்து நீளம் குறைஞ்சிடும், அப்புறம் ஸ்லைடு ஃபிரேம்ல (கைப்பிடியோட இருக்கிற அடிப்பாகம்) போய் பலமா இடிக்கும், சில சமயம் முழுசா மூடாம பாதியில நிக்கும். பைக்ல ஷாக் அப்சார்பர் போயிடுச்சுன்னா ஸ்பீட் பிரேக்கர்ல 'டங்'குனு அடிக்குமே, அதே கததான்.

ஜான் பிரவுனிங் டிசைன் பண்ண இந்த பிஸ்டல 1911ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிச்சு. அங்க லைசன்ஸோட வச்சிருக்கிற நிறைய பேர் இந்த ஸ்பிரிங்க வீட்லயே மாத்துறாங்க, பெரிய டூல் எதுவும் வேணாம். ஆனா முதல்ல மேகசினை (தோட்டா அடுக்கி வைக்கிற பெட்டி) கழட்டணும், அப்புறம் ஸ்லைட இழுத்து சேம்பர்ல (சுடுறதுக்கு தோட்டா உக்காரும் இடம்) தோட்டா இல்லன்னு கண்ணால பாத்து விரலாலயும் தொட்டுப் பாக்கணும், இந்த வரிசை மாறவே கூடாது. முன்னாடி ஸ்பிரிங்க அடக்கி வச்சிருக்கிற சின்ன மூடிய அழுத்தும்போது கட்டைவிரல் வழுக்குச்சுன்னா அது புல்லட் மாதிரி பறக்கும், கண்ணாடி போட்டுக்கோங்க (சீலிங்ல போய் குத்துன கதையெல்லாம் உண்டு).

இன்னும் டைட்டான ஸ்பிரிங் போட்டா துப்பாக்கி நல்லா உழைக்கும்னு பலர் நினைக்கிறாங்க, அது தப்பு, 5 இஞ்ச் பேரல் மாடலுக்கு வழக்கமா 16 பவுண்டு விசை உள்ள ஸ்பிரிங்தான், அதுக்கு ரொம்ப மேல போனா ஸ்லைடு முழுசா பின்னாடி போகாம நிக்கலாம், திரும்பும்போது வேற ஓங்கி அறையும்.