அமெரிக்காவில் வேலையிழப்பு உதவித்தொகைக்கு வருமான வரி உண்டா? வரி பாக்கி வந்தால் என்ன செய்வது?

உண்டு. வேலையிழந்தோருக்கு மாநில அரசு வழங்கும் இத்தொகை, இழந்த சம்பளத்திற்கு ஈடாகக் கிடைப்பது என்பதால், கூட்டாட்சி வரிச் சட்டம் அதையும் வருமானமாகவே கொள்கிறது. சம்பளத்தில் நிறுவனமே வரியைப் பிடித்துவிடும். உதவித்தொகையிலோ, டபிள்யூ-4வி படிவம் கொடுத்துக் கேட்டுக்கொண்டால்தான் 10 சதவீதம் பிடிப்பார்கள். கேட்காதவருக்கு முழுத்தொகையும் கைக்கு வரும். மீட்டர் தினமும் ஓடியும் பில் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை வருவதைப் போன்ற நிலை இது.

ஆண்டு முழுவதும் பெற்ற உதவித்தொகையைக் காட்டி அடுத்த ஜனவரியில் வரும் 1099-ஜி படிவத்தின் 1-ஆம் கட்டத்தில் மொத்தத் தொகையும், 4-ஆம் கட்டத்தில் பிடித்த வரியும் இருக்கும். 4-ஆம் கட்டம் காலியாக இருந்தால் பாக்கிக்குத் தயாராக வேண்டும்.

கையில் பணமில்லை என்று வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் இருந்துவிடாதீர்கள், ஏனெனில் தாக்கல் செய்யாததற்கான அபராதம் பொதுவாக வரி பாக்கியில் மாதம் 5 சதவீதம். தாக்கல் செய்துவிட்டுப் பணம் கட்டத் தாமதித்தால் மாதம் 0.5 சதவீதமும் வட்டியும்தான். மீதியைத் தவணையில் கட்டவும் விண்ணப்பிக்கலாம்.

10,200 டாலர் வரை வரி கிடையாது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அந்த விலக்கு 2020-ஆம் ஆண்டு பெற்ற தொகைக்கு மட்டுமே, அதுவும் வருமான வரம்புக்கு உட்பட்டு வழங்கப்பட்டது.