விட்டுவிடுங்கள், பாதியை மட்டும்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள். செலவும் குறையட்டும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்று ஆறு மாதத்துக்கு முன்னால் சில மாற்றங்களைத் தொடங்கினோம். பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடி ஜாடிகள், ஒரு டஜன் துணிப்பைகள், உரத்தொட்டி என வாங்கியதில் செலவு ஏறியதுதான் மிச்சம். தொட்டி வேறு நாறுகிறது. எல்லாம் என் தலையில்தான் விழுகிறது. பேசாமல் விட்டுவிடட்டுமா?

பதில்: பாதியை விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் ‘வாங்கினோம்’ என்பதுதான் அதிகம் இருக்கிறது. வீட்டில் இருந்த டப்பாவைச் செய்ததால் வந்த கேடு என்றோ நடந்து முடிந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டால் குப்பைதான் கூடும். சூடான பண்டத்தை வைக்காமல், பருப்பு, உப்பு போட்டு உடையும் வரை புழங்கியிருக்கலாம். துணிப்பையும் அப்படித்தான். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் போட்ட கணக்குப்படி, பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால்கூட, பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 52 தடவையாவது எடுத்துப் போக வேண்டும். பன்னிரண்டு பையில் எதற்கு 52 தடவை வாய்க்கும்? இரண்டை வாசல் கொக்கியில் மாட்டுங்கள். மற்றவற்றைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

இனி எதைச் செய்வதானாலும் ஒன்றை மட்டும் யோசியுங்கள். இது ஒருமுறை செய்தால் முடிகிற வேலையா, தினமும் ஒருவர் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டிய வேலையா? களைத்துப்போய் வீடு திரும்புகிறவரின் ஞாபகத்தை நம்பி எதையும் தொடங்க வேண்டாம். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தந்துவிடும். மாட்டினால் அதோடு சரி. துணி துவைக்கும் இயந்திரம் வெந்நீரில் ஓடும்போது மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. அழுக்கு அதிகமில்லாத நாட்களில் குளிர்ந்த நீரே போதும். குழாய் சொட்டினால் வாஷரை மாற்றிவிடுங்கள்.

உங்களைப் போன்ற வீட்டில் பணம் அதிகம் கரையும் இடம் குளிர்சாதனப் பெட்டி. 2022இல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. பெட்டிக்குள் கடைசி வரை கையை விட்டுப் பாருங்கள்: பாதி வெட்டிய வெங்காயம், மூடி திறக்காத கிண்ணம், பைக்குள்ளேயே வழவழத்துப்போன காய். (என் பெட்டியில் ஒருமுறை கிடைத்தது என்ன பண்டம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) யாரும் வேண்டுமென்று வீணாக்குவதில்லை. கண்ணில் படாததுதான் கெட்டுப்போகிறது. ஆகவே பெட்டியில் கண்ணுக்கு நேரான அடுக்கில் ‘முதலில் இதை’ என்று ஒரு தட்டம் வையுங்கள். மீந்தது, வாடத் தொடங்கியது எல்லாம் அதற்கு வரட்டும். கடைக்குக் கிளம்புமுன் பெட்டியைத் திறந்து கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் எழுத நேரமில்லாதவர்களுக்கு அதுவே பட்டியல். வாரத்தில் ஒருநாள் தட்டத்தில் இருப்பதே இரவுச் சாப்பாடு. அன்று சமைக்கும் வேலையும் மிச்சம்.

உரத்தொட்டி நாறுகிறது என்றால் உள்ளே ஈரம் அதிகம், காற்று இல்லை. சமையல் கழிவு ஒரு பங்கு போட்டால் சருகோ கிழித்த அட்டைப்பெட்டியோ இரண்டு பங்கு போட்டு, வாரம் ஒருமுறை கிளறுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். அப்போதும் முடியவில்லையா, தொட்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தட்டம் ஒழுங்காக ஓடினால் தொட்டிக்குப் போக மீதமே குறைந்துவிடும்.

அப்புறம், ‘எல்லாம் என் தலையில்’ என்கிறீர்களே, அதைச் சொல்ல வேண்டும். கணவரிடம் உதவி கேட்காதீர்கள், பொறுப்பையே கொடுத்துவிடுங்கள். உதவி என்றால் நினைவூட்டும் வேலை உங்களுக்கே மிஞ்சும். கடைக்குப் போவது அவர் என்றால் படம் எடுப்பதும் அவர்தான். தட்டத்தைப் பிள்ளைகளிடம் விடுங்கள். ‘இன்னிக்கு இதை முடிக்கணும்’ என்று பெரியவர்களை அதட்டக் கிடைக்கும் வாய்ப்பை எந்தக் குழந்தையும் விடாது.

வாங்கிய ஜாடிகள் இருக்கட்டும். மீந்ததை அதில் போட்டுத் தட்டத்தில் வைத்தால், உள்ளே என்ன என்று திறக்காமலே தெரியும்.